வேதியியல் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மோல் (பொருளின் துகள் எண்ணிக்கையை அளக்கும் அலகு) கணக்கும் வாயு விதிகளும் நடக்கும் நாட்களில்தான் "எனக்கு கெமிஸ்ட்ரி வராது மிஸ்" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நாம் கேள்வி கேட்கும் விதத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். 10 கிராம் கால்சியம் கார்பனேட் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுதும் கரைகிறது. 27 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்? மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 100 கிராம், ஆகவே 0.1 மோல். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று, வாயுவும் 0.1 மோல். இதுவரை அழகாக எழுதியிருந்தாள். அடுத்த வரியில் 0.1 × 22.4 = 2.24 லிட்டர்.

"27 டிகிரின்னு கொடுத்திருக்காங்களேம்மா?" என்றேன். "ஒரு மோல் வாயுன்னா 22.4 தானே மிஸ்?" என்றாள்.

அழித்துவிட்டு நல்லியல்பு வாயுச் சமன்பாட்டைப் (PV = nRT) போட்டாள். வெப்பநிலைக்கு 27 என்றே எழுதினாள், விடை 0.22 லிட்டர். மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. "வாயு மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடுமா? இப்பத்தான் 2.24 லிட்டர்னு எழுதின. சூடு ஏறினா வாயு விரியுமா, சுருங்குமா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, தானாகவே 300 கெல்வின் என்று மாற்றினாள். 2.46 லிட்டர். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவள் அதுவரை எழுதிய தேர்வுகளில் எல்லாக் கணக்கும் திட்ட வெப்ப அழுத்த நிலையிலேயே வந்திருக்கின்றன. 22.4 என்பது 273 கெல்வினுக்கும் 1 வளிமண்டலத்துக்கும் மட்டும் உரிய எண் என்று உணர அவளுக்கு வாய்ப்பே வரவில்லை.

அந்தத் 'திட்ட நிலை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். 1982இல் ஐயுபேக் (IUPAC) என்ற சர்வதேச வேதியியல் அமைப்பு திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து, அதைவிடச் சற்றுக் குறைவான 1 பார் (bar) அளவுக்கு மாற்றியது. அதன்படி ஒரு மோலின் கனஅளவு 22.7 லிட்டர். ஒரு புத்தகத்தில் 22.4, இன்னொன்றில் 22.7. ஒரு மார்க் கேள்வியில் 2.24, 2.27 இரண்டும் விடைகளாக நின்றால் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பாள்? தயவுசெய்து வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எண்ணாகவே கேள்வியில் அச்சிடுங்கள். வாயு மாறிலியைக் கொடுத்தால் அலகோடு கொடுங்கள். பாஸ்கல் அலகுக்கான 8.314ஐ எடுத்துக்கொண்டு அழுத்தத்தை வளிமண்டலத்தில் போட்டுத் தவறும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அப்புறம், அமிலம் எப்போதும் 'தேவையான அளவு' இருக்க வேண்டுமா? அதே 10 கிராமுக்கு 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) அமிலம் 100 மில்லிலிட்டர் என்று கொடுத்துப் பாருங்கள். அமிலம் 0.1 மோல்தான்; ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும் என்பதால் தேவையோ 0.2. பாதியிலேயே அமிலம் தீர்ந்துவிடும், 5 கிராம் கல் குடுவையின் அடியில் அப்படியே கிடக்கும், வாயு 1.23 லிட்டரோடு நின்றுவிடும். வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்) என்ற நீளமான பெயர் அப்போதுதான் கண்ணால் பார்க்கும் பொருளாகிறது. மோல் கணக்கு ஒரு பாடம், வாயு விதி வேறொரு பாடம் என்று பிரித்தே கேட்டால் இந்தக் குடுவை அவர்கள் மனதில் வராது.

திருத்தும்போதும் ஒரு வேண்டுகோள். மோல் வரை சரியாக வந்து, கெல்வினில் மட்டும் சறுக்கிய பிள்ளைக்கு அதுவரையிலான படிகளுக்கு மார்க் கொடுங்கள்.

அடுத்த காலாண்டுத் தேர்வில் 27 டிகிரியில் ஒரு கணக்கு, அமிலம் குறைவாக உள்ள ஒரு கணக்கு, இரண்டே இரண்டு போதும். என் பிள்ளைகள் அதற்குத் தயாராக இருப்பார்கள்.

அன்புடன்,
ஒரு டியூஷன் ஆசிரியை