கதிரைக் கடையில் ஒரு வாங்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் ஓர் ஐயா எழுதியிருந்தார். யாழ்ப்பாண நகரில் ஒரு தளபாடக் கடைக்கு யன்னல் சீலை எடுக்கப் போனாராம். அங்கே நின்ற பிள்ளை சுவரில் சாய்ந்தபடியே விலை சொன்னாளாம். முகத்தில் சிரிப்பும் இல்லையாம். அந்தப் பிள்ளை நானாகவும் இருக்கலாம். எனக்கு 43 வயது. பிள்ளை என்று எழுதியதற்கு முதலில் நன்றி.

ஒன்பது வருடமாக இப்படியொரு கடையில் நிற்கிறேன். 'நிற்கிறேன்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் "எந்தக் கடையில நிக்கிறாய்?" என்றுதானே கேட்பார்கள். அந்தச் சொல் எவ்வளவு சரி என்பது எனக்குப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் விளங்கும், நாரி உளையத் தொடங்கும்போது.

காலை 8.30க்குக் கடை திறக்கும். முதல் ஒரு மணித்தியாலம் தூசு துடைப்பதிலேயே போய்விடும். தெருத் தூசு மேசைக்குக் கீழே, கட்டில் கால் கடைசலுக்குள்ளே எல்லாம் ஏறி இருக்கும். இரவு 7 மணிக்குப் பூட்டுவோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இந்தக் கணக்கு இல்லை. வெளிநாட்டுச் சனம் வந்து நிற்கிற நேரம், ஒன்பதும் ஆகும்.

நின்றுகொண்டு என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்கு யன்னல் சீலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யன்னல் நாலடி அகலம் என்றால் நாலடித் துணி போதும் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். மடிப்பு விழுந்து வடிவாகத் தொங்க வேண்டுமென்றால் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும். இதைச் சொன்னவுடன் துணி விற்கப் பார்க்கிறாள் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் ஏணியில் ஏறி மாதிரிச் சீலையை இழுத்துக் காட்டி, பிறகு சுருக்கிக் காட்டி, இறங்கி வருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்குகிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறகு அளவுத் துண்டு. 48 என்று மட்டும் எழுதியிருக்கும். அங்குலமா? நிலையோடு சேர்த்தா, சேர்க்காமலா? கம்பி எங்கே வரும்? ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு எடுத்துக் கேட்டால் "அவர் வேலைக்குப் போட்டார், பின்னேரம்தான் தெரியும்" என்பார்கள். ஒருமுறை புன்னாலைக்கட்டுவன் பக்கமிருந்து ஓர் அப்பு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு முடிச்சு அகலம், மற்ற முடிச்சு உயரம். இந்த ஒன்பது வருடத்தில் எனக்கு வந்த அளவுகளில் பிழையே இல்லாதது அதுதான்.

மெத்தை விற்பது வேறு கதை. எங்கள் ஆட்கள் மெத்தையில் படுத்துப் பார்க்க மாட்டார்கள். நாலு பேர் பார்க்கக் கடையில் படுப்பதா என்று கூச்சம். கையால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு "தும்பு மெத்தையோ?" என்று கேட்பார்கள். கனடாவிலிருந்து வந்தவர்கள் சப்பாத்தோடு ஏறிப் படுப்பார்கள். தாய் தகப்பன் கடைக்கு வந்து, காசு கட்டுகிற மகள் வெளிநாட்டில் என்றால் வட்ஸ்அப்பில்தான் வியாபாரம். எங்களுக்குக் காலை பத்தரை என்றால் டொரண்டோவில் இரவு பன்னிரண்டு, ஒரு மணி. அதனால் அந்தப் பக்கத்து அழைப்பெல்லாம் நாங்கள் பூட்டுகிற நேரத்துக்குத்தான் வரும். "அக்கா, அந்த முதிரை அலுமாரியைத் திறந்து காட்டுங்கோ. இல்லை, மற்றப் பக்கம். லைற்றைப் போடுங்கோ." காட்டுவேன். அந்தப் பிள்ளை தாய்க்காக வாங்குகிறது, அதில் எனக்குக் கோபமில்லை. கால்தான் கெஞ்சும்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பலகைத் தூளை அமுக்கிச் செய்த அலுமாரியை யாராவது விரும்பிக் கேட்டால், "வெள்ளிக்கிழமை வீடு கழுவுவீங்களோ?" என்று கேட்பேன். ஓம் என்றால் காலுக்குக் கீழே றப்பர்க் கட்டை வைக்கச் சொல்லுவேன். இல்லாவிட்டால் தண்ணீர் உறிஞ்சி, ஒரு மாரி முடிவதற்குள் அடிப்பலகை ஊதிவிடும். இப்படிச் சொல்லி இரண்டு மூன்று வியாபாரம் தவறியிருக்கிறது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

2022ஆம் ஆண்டைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தொட்டது. செற்றி விலைத் துண்டை நான் காலையில் எழுதி, பின்னேரம் வெட்டி எழுதிய நாட்கள் உண்டு. ஏச்சு வாங்கியது விலை எழுதிய கைதான்.

சரி, சாய்ந்து நின்ற கதைக்கு வருகிறேன். எங்கள் கடையில் கதிரை, செற்றி, சாய்மனைக் கதிரை எல்லாம் சேர்த்தால் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் நாங்கள் இருக்கக் கூடாது. போன ஆவணியில் எங்களோடு நிற்கிற தங்கச்சி ஒருத்தி, ஆறு மாதக் கர்ப்பிணி, ஒரு செற்றியின் ஓரத்தில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஓர் அன்ரி, "கதிரை விக்கிறவை கதிரையில இருந்தா வாங்க வந்த நாங்கள் எங்க இருக்கிறது?" என்று முதலாளிக்குக் கேட்கத் தக்கதாகச் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த நாள் காலையில் காசுமேசைக்குப் பின்னால் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: 'ஊழியர்கள் விற்பனைப் பொருட்களில் அமருதல் தடை.'

முதலாளி கெட்ட மனிசர் இல்லை. சம்பளம் ஒரு மாதமும் பிந்தியதில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே முற்பணம் தந்தவர். அவர் சொல்லுகிற காரணத்திலும் நியாயம் இருக்கிறது. வெல்வெட் துணியில் ஒருவர் இருந்து எழும்பினால் அச்சு அப்படியே தெரியும். நாலு நாள் நாங்கள் இருந்தால் மெதுப்பு பள்ளம் விழும், பிறகு அதைப் புதுசென்று விற்க முடியாது. ஆகவே நான் செற்றி கேட்கவில்லை. பின்பக்கம், மாதிரித் துணிகள் அடுக்கிய இடத்தில் இருப்பதற்கு ஒரு வாங்கு கேட்கிறேன். மரத்தில் வேண்டாம், பிளாஸ்ரிக் ஸ்டூல் இரண்டு போதும். ஆள் வந்தால் எழும்பத் தெரியும் எங்களுக்கு.

கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடையில் நிற்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். புடைவைக் கடைப் பெண்கள் தெருவுக்கு வந்து கேட்டதால்தான் கேரளத்தில் அது நடந்தது. எங்கள் நாட்டில் 1954ஆம் ஆண்டிலிருந்தே கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று அதில் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் எங்கள் கணக்கு அதைத் தாண்டும். அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். சட்டப் புத்தகத்தோடு முதலாளி முன்னால் போய் நிற்கிற துணிவு எனக்கு இல்லை. ஆனால் முதலாளிமார் காலையில் உங்கள் பத்திரிகையைத்தான் முதலில் விரிக்கிறார்கள். எங்கள் முதலாளியும் அப்படித்தான், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தத் தங்கச்சி கார்த்திகையோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள். பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் திரும்பி வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் ஸ்டூல் வந்தால் நல்லது.

ஐயாவுக்கும் ஒரு சொல். நான் சிரிக்காதது உங்களோடு கோபத்தில் இல்லை, ஏணியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருப்பேன். நீங்கள் தேடிய சீலை இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன கிழமை புதுத் துணி வந்திருக்கிறது. சாம்பல் நிறத்திலும் இருக்கிறது. வரும்போது யன்னல் அளவை எழுதிக்கொண்டு வாருங்கள். அடியா அங்குலமா என்று போட மறக்க வேண்டாம். கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.

இப்படிக்கு,
கடையில் நிற்கும் ஒருத்தி,
கோண்டாவில்.