செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: ஓராண்டு முழுக்கத் தேஜஸ்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சூலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் விமானப் பித்து பிடித்தவர்கள் சேர்ந்து நடத்தும் நம் வட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது என்று ஒரு புகார் வந்தது. இந்த ஆண்டும் அறிக்கை நீளம்தான். அதனால் டீயை முதலிலேயே கொடுத்துவிட்டோம்.

ஆண்டுத் தொடக்கத்தில் 58 பேராக இருந்தோம், முடிவில் 64 பேர். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் பாலிடெக்னிக் மாணவர்கள். சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொருளாளர் சொல்வார். நான் சொன்னால் சண்டை வரும்.

கூட்டங்கள் வழக்கம்போல, டிசம்பர் தவிர, ஒவ்வொரு மாதமும் நான்காவது ஞாயிற்றுக்கிழமை நடந்தன. ராக்கெட், ட்ரோன் எல்லாம் பேசுவதாகத்தான் திட்டம். ஆனால் எதைத் தொடங்கினாலும் பேச்சு நம் நாட்டின் இலகு ரகப் போர் விமானமான தேஜஸில் வந்துதான் நின்றது. நம் தலைக்கு மேல் அன்றாடம் பறப்பது அதுதான், பிறகு வேறு எதைப் பேசுவது! 2018இல் விமானப்படையின் 45ஆம் படையணி தேஜஸுடன் பெங்களூரிலிருந்து இங்குள்ள சூலூர் தளத்துக்கு வந்தது. 2020 மே 27 அன்று 18ஆம் படையணியும் தேஜஸுடன் இங்கேயே பணியைத் தொடங்கியது. 1971 போரில் ஸ்ரீநகர் வானில் நாட் விமானத்தில் தனியாகப் போரிட்டு உயிர்நீத்து, விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்கரத்தைப் பெற்ற நிர்மல்ஜித் சிங் செக்கோன் இந்த 18ஆம் படையணிக்காரர்தான். அந்த நாட் விமானமும் இலகு ரகப் போர் விமானம்தான் என்பதை ஜனவரிக் கூட்டத்தில் ஒரு மாணவர் எடுத்துச் சொன்னபோது, மூத்தவர்களான எங்களுக்கே அது தோன்றாமல் போனதே என்றிருந்தது.

மே மாத விடுமுறை வகுப்புக்கு 30 பிள்ளைகள் வந்தார்கள். தேஜஸின் படத்தைக் காட்டியவுடன் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி இருக்கற சின்ன ரெக்கை எங்கே?" சரியான கேள்வி. நிமிர்ந்து நிற்கும் வால் உண்டு, படுக்கை வால் கிடையாது. முக்கோண இறக்கை மட்டும்தான். படுக்கை வால் இல்லாததால் எடை குறைகிறது. அதோடு, இந்த விமானம் தானாக நிலையாகப் பறக்காது. வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்திப் பார்க்கச் சொன்னோம். கை ஓயாமல் அசைந்தால்தான் குச்சி நிற்கும். ஆனால் எந்தப் பக்கம் சாய்க்க நினைத்தாலும் நொடியில் சாய்ந்துவிடும். போர் விமானத்துக்கு வேண்டியது அந்த வேகம்தான். ஓயாமல் அசையும் அந்தக் கையின் வேலையைத் தேஜஸில் கணினி செய்கிறது. ஒரே வேலையை நான்கு தடங்களில் செய்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்ளும். ஒன்று தப்பாகச் சொன்னால் மற்றவை அதை ஒதுக்கிவிடும். விமானி கோலை இழுத்தால் அது நேராக இறக்கைக்குப் போவதில்லை, கணினியிடம்தான் போகிறது. அன்று மண்டபத்தில் 30 துடைப்பக்குச்சிகள் உடைந்தன. செலவுக் கணக்கில் "பயிற்சிப் பொருட்கள்" என்று இருப்பது அதுதான்.

இந்தக் கணினிக் கட்டுப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேஜஸ் ஏன் இவ்வளவு தாமதம், அது சுதேசிதானா என்று ஆண்டு முழுக்க நாம் போட்ட சண்டைக்கு விடை அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 1983இல் அரசு ஒப்புதல் தந்த திட்டம். மறு ஆண்டு வானூர்தி மேம்பாட்டு முகமை பெங்களூரில் தொடங்கப்பட்டது. கோட்டா ஹரிநாராயணா திட்ட இயக்குநராக இருந்து நடத்தினார். இந்தக் கட்டுப்பாட்டு முறையை அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து செய்துகொண்டிருந்த நேரத்தில், 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. அமெரிக்கா தடை போட்டது. அங்கே உட்கார்ந்து வேலை செய்த நம் பொறியாளர்கள் திரும்பி வர வேண்டியதாயிற்று, கருவிகள் அங்கேயே நின்றுவிட்டன. மீதியை இங்கேயே எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் விமானத்தை 18 நிமிடம் ஓட்டிப் பத்திரமாக இறக்கினார். மூன்று ஆண்டுக்குள் இது நடந்ததை நான் தாமதம் என்று சொல்லமாட்டேன். அதற்கப்புறம் படையில் சேர 2016 ஜூலை 1 வரை ஆனதே, அதை வேண்டுமானால் தாமதம் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

ஜூலைக் கூட்டத்துக்குத்தான் இந்த ஆண்டு அதிகக் கூட்டம். ஜூலை 17 அன்று எல் அண்ட் டி நிறுவனம் தேஜஸின் மேம்படுத்திய வகையான மார்க் 1ஏ-வுக்கான முதல் ஜோடி இறக்கையை, விமானத்தைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. செய்தது எங்கே? நம் கோயம்புத்தூரில். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்ப் பகுதியைச் செய்து கொடுப்பது லட்சுமி மெஷின் வொர்க்ஸ். நூற்பாலை எந்திரம் செய்து பேர் வாங்கிய கம்பெனி போர் விமானத்துக்கு மூக்குத் துளை செய்கிறது என்று நம் தலைவர் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. (மூக்கு என்பது தலைவரின் உவமை, பொறியாளர்கள் கோபிக்க வேண்டாம்.) சென்னைப் பக்கம் ஆவடியில், டாங்கி ஆராய்ச்சி நிலையத்தில், எஞ்சினின் சுழற்சியை எடுத்து ஜெனரேட்டருக்கும் ஹைட்ராலிக் பம்புகளுக்கும் பிரித்துத் தரும் கியர்பாக்ஸை உருவாக்கினார்கள். டாங்கிக்காரர்களுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்டவருக்கு, பல் சக்கரம் அறுப்பதில் அவர்களை விடக் கெட்டிக்காரர் யார் என்று பதில் வந்தது.

செப்டம்பர் 28 கூட்டம் விமானப்படையின் பழைய போர் விமானமான மிக்-21க்கு விடை கொடுக்கும் கூட்டமாக அமைந்தது. இரண்டு நாள் முன்பு சண்டிகரில் அந்த விமானம் ஓய்வு பெற்றது. 1963இல் வந்து 62 ஆண்டு உழைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக வரவேண்டியதுதான் தேஜஸ். ஆனால் பழையது போன பிறகும் புதியது போதுமான அளவு வரவில்லை. இருக்க வேண்டிய 42 போர்ப் படையணிகளில் அப்போது 29தான் மிச்சம் இருந்தன. மிக்-21 பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒரு மணி நேரம் பேசினார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையில் இறங்கும் விமானம் அது. ஒவ்வொன்றும் பத்திரமாக இறங்கி நிற்கும் வரை தமக்குத் தொண்டையில் சோறு இறங்காது என்றார். தேஜஸ் அதைவிட நீளம் குறைவு, 13.2 மீட்டர்தான். உடற்கூட்டின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. முழுப் பாரத்தோடு 13,500 கிலோ. தம் கையால் தட்டிப் பார்த்த உலோகச் சத்தம் இதில் வராது என்று அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்ததா தெரியவில்லை, எனக்குப் புரிந்தது.

அன்றைய சண்டை அப்புறம்தான் ஆரம்பித்தது. அந்த வாரம்தான் செய்தித்தாள்களில், 62,370 கோடி ரூபாய்க்கு மேலும் 97 மார்க் 1ஏ விமானங்களுக்கு எச்.ஏ.எல்.லோடு ஒப்பந்தம் என்று படித்திருந்தோம். 2021இல் ஒப்பந்தம் போட்ட 83க்கு மேல் இது. முன்வரிசையிலிருந்து எழுந்த உறுப்பினர் கேட்டார்: "ஏனுங்க, 83லயே ஒண்ணு கூட வரல, இதுல இன்னும் 97ஆ? இஞ்சினும் அமெரிக்காக்காரன் குடுக்கறான். அப்புறம் என்னங்க சுதேசி?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. முதல் மார்க் 1ஏ 2024 மார்ச் 28 அன்று பறந்தது. ஆனால் 2025 முடிந்தபோதும் ஒன்றுகூடப் படையின் கைக்கு வரவில்லை. அமெரிக்காவின் ஜி.ஈ. நிறுவனம் தரும் எஃப்-404 எஞ்சின் தாமதமானது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் நம் விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொள்ளமாட்டார். பிப்ரவரியில் பெங்களூரு கண்காட்சியில், எச்.ஏ.எல். மேல் தமக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் பேசியது நாடறிந்தது. சொந்த எஞ்சினாக நினைத்த காவேரி வேண்டிய தள்ளுவிசையைத் தரவில்லை. 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். எஞ்சின்தான் இந்தக் கதையில் நாம் தோற்ற இடம், அதில் மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் சுதேசி என்றால் ஒவ்வொரு திருகாணியும் இங்கே செய்ததாக இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. விமானம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல் நம்முடையது. அதனால்தான் அஸ்திரா ஏவுகணையை 2023இல் கோவா கடற்பகுதியில் தேஜஸிலிருந்து ஏவிப் பார்க்க முடிந்தது. யாரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்கவில்லை. வெளியில் வாங்கிய விமானத்தில் சொந்த ஏவுகணை மாட்டுவதற்கு விற்றவன் தயவு வேண்டும். இதை அன்றைக்கே சொன்னேன், முன்வரிசை உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மறுப்பையும் அறிக்கையில் பதியச் சொன்னார். பதிந்துவிட்டேன்.

அக்டோபரில் மழை, 11 பேர்தான் வந்தோம். நாசிக்கில் செய்த முதல் மார்க் 1ஏ 17ஆம் தேதி பறந்த செய்தியைப் படித்துவிட்டுக் கலைந்தோம்.

நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டிக்கொண்டிருந்த தேஜஸ் விழுந்தது. விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிரிழந்தார். இமாசலப் பிரதேசத்துக்காரர், ஆனால் சூலூர் படையணியைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் உடல் சூலூருக்கு வந்து, மரியாதை செலுத்தப்பட்டு, சொந்த ஊருக்குப் போனது. அது நம் கூட்ட நாள். கூட்டம் நடத்தவில்லை. மண்டபத்தில் கூடி நின்றோம், அவ்வளவுதான். 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தபோது விமானி குதித்துப் பிழைத்தார். இந்த முறை அப்படி நடக்கவில்லை. விபத்துக் காரணம் பற்றிக் குழுவில் வந்த வாட்ஸ்அப் ஊகங்களை நான்தான் நீக்கினேன். சிலருக்கு வருத்தம். அந்த வருத்தம் இருக்கட்டும், விசாரணை முடியாமல் நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இதையொட்டி இன்னொன்று. ஓடுபாதையையும் தரையிறங்கும் விமானங்களையும் செல்போனில் எடுத்துப் போடுவதை நம் இளைய உறுப்பினர்கள் நிறுத்த வேண்டும். ஆகஸ்ட்டில் ஒரு படம் மூன்று குழுக்களைத் தாண்டிப் போனது. அழகான படம்தான். இருந்தாலும் அடுத்த முறை உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்காது என்று தலைவர் சொல்லச் சொன்னார்.

டிசம்பரில் கூட்டம் கிடையாது, கணக்கு முடிக்கும் மாதம். வரவு செலவைத் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். பொருளாளர் தனியாகப் படிப்பார். ப்ரொஜெக்டரின் விளக்கு இரண்டு முறை போய்விட்டதால் புதிது வாங்கத் தீர்மானம் வருகிறது. வரும் ஆண்டில் கோவையில் உதிரிபாகங்கள் கடையும் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகினால் என்ன ஆகும் என்று பேசவைக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. விடுமுறை வகுப்பு உண்டு. துடைப்பக்குச்சிகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வோம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாசலில் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.