தவணைக் கணக்கும் உப்புப் பூத்த சுவரும்

மச்சான்,

நலம். வீட்டில் எல்லோரும் அப்படியே. பதிலே போடுவதில்லை என்று நீ திட்டியதற்கெல்லாம் சேர்த்து இதை வைத்துக்கொள். குண்டனிடம் மட்டும் இப்போதைக்கு வாயைத் திறக்காதே. வீடு வாங்கப் போகிறேன்.

சிரிக்காதேடா. மொட்டைமாடிப் பந்தயம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. காசை எடுத்து வை.

தம்பி கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இடம் போதவில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை, அதுதான் சங்கடம். "வாடகைக்குப் போயேன், கடன் எதுக்கு?" என்கிறார் அப்பா. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி முழு விலையையும் தராது. மிச்சமும் பத்திரச் செலவும் கைக்காசுதான். சேமிப்பெல்லாம் அதிலேயே காலி.

தவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வை. முதல் மாதம் கட்டுவதில் 100-க்கு 83 வட்டிக்கே போய்விடுகிறது! அசலில் பாதி கழியவே 14 வருஷம் ஆகும். முடிக்கும்போது, வாங்கிய கடனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருப்பேன். 15 வருஷமாகக் குறைத்தால் தவணை 13 சதவீதம்தான் கூடுகிறது, மொத்த வட்டியோ கால் பங்குக்கு மேல் குறைகிறது. ஆனால் அந்த 13 எங்கிருந்து வரும், சொல்லு? நடுவில் வட்டி விகிதம் ஏறினால் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டுவதும் உண்டாம். அப்புறம் வயசானபிறகும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கணக்கு வாத்தியார் இதையல்லவா நடத்தியிருக்க வேண்டும்! நம்மைப் பெஞ்சு மேல் ஏற்றுவதிலேயே அவர் காலம் போய்விட்டது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். சின்னதுதான், ஆனால் நல்ல வெளிச்சம். வில்லங்கம் இல்லை என்று வக்கீலும் சொல்லிவிட்டார். உள்ளறையில் ஒரு சுவரில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புது பெயிண்ட். அதற்கு மேலே பழசு. அதை மறைத்து ஒரு பீரோ வேறு. இடுக்கில் கைவிட்டுத் தடவினேன். பெயிண்ட் கொப்புளம் உடைந்து விரலெல்லாம் வெள்ளைத் தூள். "இன்னொரு கோட்டிங் அடிச்சா சரியாப் போயிடும் சார்" என்கிறார் புரோக்கர். உப்புப் பூத்த சுவருக்குப் பெயிண்டா வைத்தியம்? பின்பக்கம் குளியலறை. குழாய்க் கசிவென்றால் விலையில் கழித்துக்கொண்டு சரிசெய்துவிடலாம். தரையிலிருந்தே ஓதம் ஏறுகிறதென்றால் எனக்கு இந்த வீடே வேண்டாம்.

அம்மா இதுவரை வேண்டும் வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. நேற்று மட்டும், "உன் புஸ்தக அலமாரியை எடுத்துட்டுப் போறியா, இங்கேயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை மச்சான். இத்தனை நாள் கணக்கே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தச் சுவரைப் பார். கட்டட வேலையில் இத்தனை வருஷம் இருந்து எனக்கு ஒரு உபகாரமும் செய்ததில்லை நீ. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, நீ பார்த்துச் சொன்னபிறகுதான். சுத்தியலும் கொண்டு வா, புரோக்கரை நான் பேச்சில் பிடித்துவைத்துக்கொள்கிறேன்.

உன்,
மாடிவீட்டான்