ராஜா ஒதுங்க வேண்டிய பக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை சதுரங்க ஆட்டம் முடிந்ததும், "வயதாகிவிட்டது தம்பி, இனி போட்டிக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவைக்கூட மறந்துவிட்டுப் போனீர்கள். பேனா என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்கு முன் பதினோரு ஆட்டங்கள் ஆடியிருந்தோம். ஆளுக்கு நான்கு வெற்றி, மூன்று சமன். பன்னிரண்டாவதும் சமனில் முடிந்திருக்க வேண்டியது.

கடைசியில் ராஜாக்களைத் தவிர எனக்கு யானையும் ஒரு சிப்பாயும், உங்களுக்கு வெறும் யானை. (யானை என்றால் உங்களுக்குப் பிடிக்காது. யாங்கோனில் சிட்டுயின் ஆடி வளர்ந்தவர் நீங்கள். அந்தப் பர்மியச் சதுரங்கத்தில் நேர்கோட்டில் ஓடுவது ரதம். யானை ஓரடிக்கு மேல் நகராது. உங்கள் சொல்லிலேயே எழுதுகிறேன்.) உங்கள் ரதம் உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நின்று என் ராஜாவை மறித்தது. பிரெஞ்சுச் சதுரங்க வீரர் பிலிடோர் 1777இல் விளக்கிய தற்காப்பு அது. சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறும்வரை பொறுத்திருந்து, ஏறியதும் ரதத்தைப் பின்னால் இறக்கி செக் வைத்துக்கொண்டே இருக்கலாம். ராஜாவுக்கு ஒளிய இடம் கிடைக்காது. இருபது நகர்த்தல்கள் அசையாமல் நின்றீர்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு, நான் சிப்பாயைத் தள்ளுவதற்கு முன்பே ரதத்தை அதன் பின்னால் இறக்கிவிட்டீர்கள். அப்போதும் ஆட்டம் போகவில்லை அண்ணே! என் ராஜா முன்னேறியதும், உங்கள் விரல் உங்கள் ராஜாவின் தலைமேல் அரை நிமிடம் நின்றது. என் சிப்பாய்க்கு ஒரு பக்கம் மூன்று நெடுவரிசை, மறுபக்கம் நான்கு. மூன்று இருந்த பக்கம் ராஜா ஒதுங்கியிருந்தால், மறு ஓரத்திலிருந்து ரதம் பக்கவாட்டில் செக் வைத்தே காப்பாற்றியிருக்கும். நீங்களோ இடம் அதிகமிருந்த பக்கம் ராஜாவைக் கொண்டுபோனீர்கள். ரதத்துக்கு வேண்டிய இடத்தை ராஜாவே அடைத்துக்கொண்டது.

இதில் வயது எங்கே வந்தது? கடிகாரத்தில் நான்கு நிமிடம் மீதி, நகர்த்தலுக்கு 30 விநாடி வேறு கூடிக்கொண்டிருந்தது. இந்த ஓர் இடம் பழகாததுதான் குறை. போன ஆண்டு நானும் இதே பக்கம் போய்த்தான் தோற்றேன். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஞாயிறு காலை, சூலே பகோடா அருகே நாம் வழக்கமாக உட்காரும் தேநீர்க்கடைக்குப் பலகையோடு வருகிறேன். அந்த நிலையையே அடுக்கிவைப்பேன். வெள்ளை எனக்கு. நீங்கள் ராஜாவை மறுபக்கம் நகர்த்துங்கள். என்னால் வெல்ல முடிகிறதா பார்ப்போம். பேனாவையும் அப்போது தருகிறேன்.

அன்புடன்,
தம்பி