மாரிக்கு முன் வோக்கி செற்றுகளைச் சரிபாருங்கள்: வன்னி மாவட்டச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலாளர்களுக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுகளுக்கும் வணக்கம்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரத்துக்கும் பற்றரி தீரும்வரைதான் உயிர். அதன்பிறகு மீட்புக்குப் போகிறவருக்குக் கையிலுள்ள வோக்கி செற்தான் துணை. அந்தச் செற்றுக்குள் ஏற்றியிருக்கும் அலைவரிசைகள் சரியானவையா என்பதே என் கவலை.

செற் திருத்துகிற என்னிடம் அடிக்கடி வரும் முறைப்பாடு இது: “முற்றத்தில் நல்லாய்க் கேட்டது, தூரப் போனதும் ஒன்றுமில்லை.” பற்றரியைச் சொல்வார்கள், அன்ரெனாவைச் சொல்வார்கள். கணினியில் இணைத்துப் பார்த்தால் அனுப்பும் அலைவரிசையும் பெறும் அலைவரிசையும் இடம் மாறிக் கிடக்கும். பேச்சைத் தூரத்துக்கு எட்டவைக்கும் கோபுரத்து ரிப்பீற்றர், ஓர் அலைவரிசையில் கேட்டு மற்றொன்றில் திருப்பி அனுப்புகிறது. அது கேட்பதில் நம் செற் பேச வேண்டும். அது பேசுவதில் நம் செற் கேட்க வேண்டும். அலைவரிசை எழுதித் தரும் தாளிலோ ‘அனுப்பல்’, ‘பெறல்’ என்று இரண்டு இலக்கங்கள் மட்டும். யாருடைய அனுப்பல்? அதை எவரும் எழுதுவதில்லை. ரிப்பீற்றருக்குரியதை அப்படியே செற்றில் ஏற்றிவிடுகிறார்கள்.

முற்றத்துப் பரிசோதனையில் இந்தப் பிழை பிடிபடாது என்பதுதான் பெரிய ஆபத்து. பிழையான செற் பேசுவது, சரியான செற் கேட்கும் அலைவரிசையில், மறுபக்கமும் அப்படியே. ரோனும் (பேச்சோடு சேர்த்து அனுப்பும், காதுக்குப் புலப்படாத அடையாள ஒலி) இடையூறு செய்யாவிட்டால் கிட்டவுள்ள இரண்டும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். ரிப்பீற்றர் தேவைப்படும் தூரத்துக்குப் போனதும் தொடர்பு அறுந்துவிடும். அப்போது ஆள் வெள்ளத்துக்குள் நிற்பார்.

ரோன் பிழையாக இருந்தால் வேறு விதம். ரிப்பீற்றர் 88.5 ஹேர்ட்ஸ் கேட்க, செற் 100.0 அனுப்பினால், எல்லோரையும் கேட்கலாம், நமக்கு மட்டும் கதவு திறக்காது.

கடல் வானொலி அட்டவணையைப் பாருங்கள். 26ஆம் சனலில் கப்பல் 157.300 மெகாஹேர்ட்ஸில் பேசி 161.900இல் கேட்கும், கரை நிலையத்துக்கு அது மறுதலை. கப்பலுக்கு ஒரு நிரல், கரைக்கு ஒரு நிரல் என்று பிரித்தே அச்சிட்டிருப்பார்கள். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சனலோ இருபக்கத்துக்கும் 156.800தான்.

அதேபோல ஒரு தாளை நீங்களும் தாருங்கள். ‘கைச்செற் பேசுவது’, ‘கைச்செற் கேட்பது’ என்றே தலைப்பிடுங்கள். இருபக்க ரோனையும், சனல் அகலம் 12.5 கிலோஹேர்ட்ஸா 25ஆ என்பதையும் எழுதுங்கள். ரிப்பீற்றர் விழுந்தால் செற்றுக்குச் செற் நேரடியாகப் பேச ஒரு சனலையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பெற்றுச் சேருங்கள். ஊரறிய வெளியிடச் சொல்லவில்லை. உரிமமுள்ள அணிகளின் கைக்குக் கிடைத்தால் போதும். வோக்கி வைத்திருப்பதே சந்தேகமாகப் பார்க்கப்பட்ட மண் இது. அலைவரிசை என்னவென்று வாய்விட்டுக் கேட்க இன்றும் பலர் தயங்குகிறார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கொடுக்க வேண்டும்.

பரிசோதனையை அலுவலக முற்றத்தில் முடித்துவிடாதீர்கள். ஒக்டோபருக்கு முன் ஒருநாள், ஒரு செற் இரணைமடு அணைக்கட்டிலும் மற்றது முல்லைத்தீவுக் கரையிலும் நிற்க, ரிப்பீற்றர் வழியாகப் பேசிப் பாருங்கள். எட்டாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமமுள்ள அணிகளின் செற்றுகளில் சரியான அலைவரிசைகளை ஏற்றித்தர நான் கூலி கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
வானொலித் திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி