கடைசிக் கால் மணி நேரத்தை நம் பையன்களிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழில் சிரம்பான் வாசகர் ஒருவர் தேசிய ஹாக்கி அணியைப் பற்றி எழுதிய கடிதத்தைப் படித்தேன். 30 வயதைத் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கோல்காவலரை மாற்ற வேண்டும், லீக் கிளப்புகள் இன்னும் கூடுதலாக வெளிநாட்டு இறக்குமதி ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தால்தான் நம்மவர்களின் தரம் உயரும் என்று எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. மலேசியா தோற்ற இரவில் எனக்கும் தூக்கம் பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன மருந்து இந்த நோய்க்கு ஆகாது. கடைசியாகச் சொன்னாரே, அது நோயையே கூட்டிவிடும்.

நான் பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் பாய்லர் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். வாலிபத்தில் தோட்டத்து அணிக்குப் பின்காவல் ஆடியிருக்கிறேன். இப்போது சாயங்காலமானால் ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள ஓர் ஒட்டுக்கடையில் உட்காருவேன். அங்கே ஹாக்கிப் பேச்சு ஓயாது. கடைக்கார அண்ணன், லோரி ஓட்டும் தம்பி ஒருவர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தோட்டத்தில் மருந்தடிக்கும் இரண்டு பையன்கள், அப்புறம் நான். மேசை மேல் சீனிப் பொட்டலங்களை வரிசையாக வைத்து அணியை நிறுத்துவோம். பால் டின்தான் கோல்காவலர். ராஸி ரஹிமுக்குப் பிறகு, எதிரணி கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் கிடைக்கிற பெனால்டி கார்னரை யார் அடிப்பது, பைசல் சாரியை வலப்பக்கம் விடலாமா நடுவில் விடலாமா, திரங்கானு கிளப்பில் ஆடுகிற இன்னார் தெனாகா கிளப்புக்குப் போனால் நல்லதா கெட்டதா என்று சீனிப் பொட்டலங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் ஐயா ஒரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அந்த ஆட்டக்காரர் அணியில் இல்லை என்று அர்த்தம்.

இத்தனை வருடம் இப்படி ஆளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யார் ஆடினாலும் நாம் தோற்கிற நேரம் மட்டும் மாறுவதில்லை.

1975 மார்ச்சில் உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது எனக்கு 12 வயது. கிராணியார் வீட்டு ஐந்தடியில் லயத்து ஜனம் பாதி நின்று வானொலியில் மலாய் வர்ணனையைக் கேட்டது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மகேந்திரன், பாலசிங்கம் எல்லாம் ஆடிய அணி அது. அப்போதைய உலக வெற்றியாளர் நெதர்லாந்தையே 2-1 என்று சாய்த்துவிட்டு அரையிறுதிக்கு வந்திருந்தது. இந்தியாவுக்கு எதிராக 2-1 என முன்னணி. 70 நிமிட ஆட்டத்தில் மிச்சம் இருந்தது 5 நிமிடம். அந்த நேரத்தில் இந்தியா அஸ்லம் ஷேர் கானை உள்ளே இறக்கியது. பெனால்டி கார்னரில் அவர் அடித்த அடி உள்ளே போனது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, 3-2. என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் லயத்துக்கு நடந்தார். பின்னாலேயே நானும் நடந்தேன்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை இன்றைய பிள்ளைகளுக்கே நினைவிருக்கும். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முதல் நாள் அரையிறுதியில் அதே இந்தியாவோடு மோதினோம். ராஸி ரஹிம் 59-ஆவது நிமிடத்தில் கார்னரில் அடித்து 2-2 ஆக்கினார். சமநிலையைத் தீர்க்க ஆட்டக்காரர் ஒவ்வொருவராகக் கோல்காவலரை எதிர்கொள்ளும் ஷூட்-அவுட்டில் நம் கோல்காவலர், தம்பின் ஊர்ப் பிள்ளை எஸ். குமார் தடுத்து நிறுத்த, நாம் வென்றோம். அன்று ஒட்டுக்கடையில் யாரிடமும் காசு வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஜப்பானுடன் இறுதியாட்டம். 5-2 என்று முன்னால் இருந்தோம். ஜெயித்தால் தங்கமும் கிடைக்கும், தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடி இடமும் கிடைக்கும். 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஆண்கள் அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவே இல்லை. அது 6-6 ஆகி, ஷூட்-அவுட்டில் கைநழுவிப் போனது. மறு ஆண்டு லண்டனில் பிரிட்டனிடம் தகுதிச்சுற்றிலும் தோற்றோம்.

அப்புறம் சென்னை. 2023 ஆகஸ்ட் 12, ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம், மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில். நம் நேரம் இரவு 11 மணி. தாத்தா பாட்டி கப்பலேறி வந்த ஊர்ப்பக்கம் நடக்கிற ஆட்டம் என்று கடையில் இரண்டு பேர் இந்தியாவுக்குக் கைதட்டினார்கள். நான் நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகன், எனக்கு மலேசியாதான். அரைநேரத்தில் நாம் 3-1 என முன்னணி. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் கால் மணி நேரம் முடிகிற அந்த ஒரே நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி 3-3. 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நாலாவதைப் போட்டார். முடிந்தது.

48 ஆண்டுகளில் பயிற்றுநர்கள் எத்தனை பேர் மாறினார்கள், புல்திடல் போய்ச் செயற்கைத் திடல் வந்தது, 35 நிமிடம் இரண்டு பாதி என்று இருந்தது 15 நிமிடம் நான்கு கால் ஆனது. நாம் விட்டது மட்டும் அதே இடத்தில்தான்.

இதற்கு வயதைக் குற்றம் சொல்ல முடியாது. ஜகார்த்தாவில் அந்த ஷூட்-அவுட்டைத் தடுத்த குமாருக்கு அப்போது 38 வயது. 59-ஆவது நிமிடத்தில் கை நடுங்காமல் கார்னர் அடித்த ராஸியும் 30-ஐத் தாண்டியவர். சென்னையிலும் அவர் ஒரு கோல் போட்டார். சிரம்பான் வாசகர் சொல்கிறபடி பார்த்தால் அந்த இரண்டு பேரையும் ஜகார்த்தாவுக்கே அனுப்பியிருக்கக் கூடாது. கோல்காவலர் விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் பத்துப் பேரைத் தாண்டி வருகிறது, அவ்வளவுதான்.

நான் வேலை கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் என் கருத்து விளங்கும். ஆலையில் பாய்லருக்குச் செம்பனைப் பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான் எரிபொருள். நார் சட்டென்று பிடித்து எரியும், ஓடு நின்று எரியும். கலவை கொஞ்சம் தவறினாலும் ஆவியழுத்தம் ஏறி இறங்கும். நீர்மட்டக் கண்ணாடியில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் முதல் ஆறு மணி நேரத்தை யாரும் பார்த்துவிடலாம். விடியற்காலை 4 மணிக்கு மேல்தான் சோதனை. உடம்பு வேலை முடிந்தது என்று நினைக்கும், கண் கண்ணாடியைப் பார்க்கும், மனசு அதை வாங்காது. தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் கை வால்வுக்குப் போகாது. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர், சேர்ந்த இரண்டாவது மாதமே 4 மணி ஆனதும் தன் முக்காலியை விட்டு எழுந்து, "இங்க வந்து உக்காருடா" என்பார். அவர் பின்னால் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருப்பார். நான் தடுமாறினால் உடனே எழுந்து வரமாட்டார். இரண்டு மூச்சு பொறுத்துப் பார்த்து, அப்புறம்தான் தொண்டையைச் செருமுவார். ஒரு வருடம் அப்படி. அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தை அவரே பார்த்துக்கொண்டிருந்தால் நான் 30 வருடமானாலும் பாய்லர்மேன் ஆகியிருக்கமாட்டேன்.

நம் மலேசிய ஹாக்கி லீக்கில் அந்த முக்காலியில் யார் உட்காருகிறார்கள்? நான் நேரில் போய்ப் பார்த்த ஆட்டங்களில், ஆட்டம் இழுபறியாக இருந்து கடைசிக் கால் வந்துவிட்டால் நடுத்திடல் இறக்குமதி ஆட்டக்காரரிடம் போய்விடும். கார்னர் கிடைத்தால் அடிப்பவர் அவர். முன்னணியில் இருந்தால் பந்தை மூலைக்குக் கொண்டுபோய்ப் பிடித்து நேரத்தை ஓட்டுபவரும் அவர். கிளப்பைக் குறை சொல்ல முடியாது, காசு கொடுத்தவர்களுக்குக் கிண்ணம் வேண்டும். அந்த ஆட்டக்காரர்களையும் குறை சொல்லமாட்டேன். பாகிஸ்தானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்களிடம் நம் பிள்ளைகள் நிறையக் கற்றிருக்கிறார்கள். ஆனால் வருடம் முழுக்க லீக்கில் கடைசி ஐந்து நிமிடத்தைத் தொடாத பையன், ஆசிய இறுதியாட்டத்தில் 56-ஆவது நிமிடத்தில் என்ன செய்வான்? அவன் கால் அதுவரை போகாத இடம் அது.

என் தங்கை மகன் கதையைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. 14 வயதிலிருந்து, பெனால்டி கார்னரில் அடிக்கிற டிராக் ஃபிலிக் பழகினான். தோட்டத்துத் திடலில் கோல் கம்பத்தின் இரண்டு மேல் மூலையிலும் காலி மைலோ டின்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நான் பந்தைத் தள்ளிவிட, அவன் எடுப்பான். பந்து மட்டையின் கழுத்தில் ஏறி, வலது காலுக்குப் பின்னாலிருந்து இடது கால் முன்னால் ஊன்றும் வரை மட்டையோடு ஒட்டிக்கொண்டே வரும், கடைசியில் மணிக்கட்டு ஒரு திருகு. டின்னில் பட்டால் கணீரென்று லயம் வரை கேட்கும். ஒரு நாளைக்கு 60 பந்து. 17 வயதில் 60-க்கு 40 தடவை டின் சத்தம் கேட்டது, நான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.

ஒரு கிளப்பில் எடுத்தார்கள். பெயர் வேண்டாம். இரண்டு சீசன் இருந்தான். முதல் இரண்டு காலில் இறக்குவார்கள், மூன்றாம் காலில் கொஞ்ச நேரம், நாலாம் காலில் பெஞ்ச். லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு பெனால்டி கார்னர்கூட அவன் கைக்கு வரவில்லை. ஒருநாள் இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவன், "மாமா, எனக்கு வேர்க்கிறதுக்குள்ள கூப்பிட்டுக்குறாங்க" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சிங்கப்பூரில் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நல்ல சம்பளம், தங்கைக்கு மாதம் தவறாமல் பணம் வருகிறது. அவன் மட்டை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறது.

ஆகவே மலேசிய ஹாக்கி கூட்டமைப்புக்கு என் கோரிக்கை இதுதான். இறக்குமதி ஆட்டக்காரர்கள் வரட்டும். ஆனால் லீக் ஆட்டத்தின் நாலாம் காலில் ஒரு அணிக்கு ஒருவருக்கு மேல் அவர்கள் திடலில் நிற்கக் கூடாது என்று விதி வையுங்கள். அந்தக் காலில் கிடைக்கிற பெனால்டி கார்னரை உள்நாட்டு ஆட்டக்காரர்தான் அடிக்க வேண்டும். தோற்கும், கிளப்புகள் சத்தம் போடும், முதல் சீசனில் கடைசி நிமிடக் கோல்கள் மழையாகக் கொட்டும். கொட்டட்டும். தவறு செய்வதென்றால் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் 200 பேர் முன்னால் செய்யட்டும். ஒட்டுக்கடையில் இதைச் சொன்னபோது ஆசிரியர் ஐயா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. விதி போட்டுத் தைரியத்தை வளர்க்க முடியாது, பள்ளிக்கூடத் திடல்களை முதலில் சரி பண்ணுங்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் தோட்டத்துத் திடலில் பாதி இப்போது செம்பனை நாற்று வைத்திருக்கும் இடம். ஆனால் திடல் சரியாக எத்தனை வருடமாகுமோ, விதியை அடுத்த சீசனிலேயே மாற்றலாம்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. நம் தமிழ் நாளிதழ்களில் இங்கிலாந்துக் காற்பந்துக்கு முழுப் பக்கம் கிடைக்கிறது. மலேசிய ஹாக்கி லீக் ஆட்டங்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அரங்கத்தில் என்று ஒரு சின்னக் கட்டத்தில் போட்டால் போதும். லோரித் தம்பியின் மச்சானிடம் 14 பேர் உட்காருகிற வேன் ஒன்று இருக்கிறது. பகாவிலிருந்து கோலாலம்பூர் போய்வர எண்ணெய்க் காசில் பாதியை ஏற்றுக்கொள்வதாகக் கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். இதுவரை 9 பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். மருந்தடிக்கும் பையன்கள் இரண்டு பேருக்கும் சனிக்கிழமை என்றால்தான் லீவு கிடைக்கும், அதனால் சனிக்கிழமை ஆட்டங்களை மட்டுமாவது முன்கூட்டியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர்மேன்,
பகாவ், நெகிரி செம்பிலான்.