எனாமல் தின்னர் என்று லேபிள் ஒட்டிய போத்தலில் வேறு தின்னர் இருந்தது பற்றிய முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
18.02.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்கள் மொடல் சாமான் கடையில் 08.01.2025 அன்று, எனாமல் பெயின்றைக் கரைக்கப் பாவிக்கும் எனாமல் தின்னர், 100 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று வாங்கினேன். விலை 1,650 ரூபா, கூரியர் 450 ரூபா. தைப்பொங்கலுக்கு முதல் நாள் பார்சல் கைக்கு வந்தது. அந்தப் போத்தலில் இருந்தது எனாமல் தின்னர் அல்ல, பிளாஸ்ரிக்கையே உருக்கும் லக்கர் தின்னர். அதில் நனைத்த பிரஷ் பட்டு, ஐந்து மாதமாக நான் செய்துகொண்டிருந்த ரி-34/85 என்ற சோவியத் டாங்கியின் சின்ன பிளாஸ்ரிக் மொடலின் வலது பக்கம் முழுக்க உருகிக் கெட்டுவிட்டது. வாட்ஸ்அப்பில் சொன்னேன், பிறகு தொலைபேசியிலும் சொன்னேன். இரண்டு இடத்திலும் பிழை என்னுடையது என்றுதான் பதில் வந்தது. அதனால் இப்போது விபரமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுமையாக வாசியுங்கள்.

தொலைபேசியில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னது இது: "அண்ணா, நீங்க புதுசா செய்றீங்க போல. யூடியூப்ல பார்த்துக் கொஞ்சம் பழகிட்டுச் செய்ங்க."

நான் இந்தக் கொக்குவிலில் ஒரு கராஜில் 22 வருடமாக வாகனங்களுக்கு ஸ்பிரே பெயின்ற் அடிக்கிறேன். குருநகர், பாசையூர்ப் பக்கத்து மீன் லொறிகளை உங்கள் தம்பி பார்த்திருக்கமாட்டார். உப்புத் தண்ணி ஒழுகி ஒழுகி மட்காட்டைத் தின்றுவிடும். அதைச் சுரண்டி, ஃபில்லர் பூசி, தேய்த்து, திரும்ப நிறம் ஏற்றிக் கொடுக்கிற கை இது. எந்தத் தின்னர் எதைக் கரைக்கும் என்பதை நான் பிழைப்போடு சேர்த்துப் படித்தவன். மொடல் செய்வது 2017 முதல். உங்களிடம் மட்டும் இதுவரை பதினொரு தடவை சாமான் எடுத்திருக்கிறேன். ஒரு தடவை மொடலில் ஒட்டும் டெக்கல் தாள் கிழிந்து வந்தபோது மறுபேச்சில்லாமல் மாற்றி அனுப்பினீர்கள். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால்தான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் டாங்கி என்றால் அது விளையாட்டுச் சாமான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மொடலை மேசையில் கண்ட அன்று அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு துவாயை எடுத்து வந்து அதன் மேல் போட்டு மூடினார். இங்கே ஓடிய வண்டி எதையும் செய்யமாட்டேன் என்று அன்றைக்கு அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அதனால் நான் செய்வதெல்லாம் ஐரோப்பாவில் ஓடியவை, அதுவும் 1945உடன் முடிந்த போரில் ஓடியவை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் இப்போதும் துவாய் வரும். இந்த ரி-34 அந்தத் துவாய்க்குக் கீழேதான் கிடக்கிறது, ஆனால் இந்த முறை மூடியது நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இது 1/35 அளவு. 1944இல் உற்பத்திக்கு வந்த, 85 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டிய வண்டி. பீரங்கி பூட்டிய மேல்பகுதியான கோபுரம் வார்த்த உருக்குப் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக ஃபில்லரைக் கரைத்துப் பூசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தேன். அதற்கே இரண்டு இரவு போனது. சோவியத் ஆலைகள் பூசிய 4பிஓ என்ற பச்சையை அப்படியே அடித்தால் இந்தச் சின்ன வண்டியில் கறுத்துத் தெரியும். அதனால் மஞ்சளும் வெள்ளையும் கலந்து வெளிறவைத்து, 0.3 மில்லிமீற்றர் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக நாலு தடவை அடித்தேன். எல்லாம் அக்ரிலிக். மழை ஈரத்தில் அடித்தால் பூச்சு பால்பிடித்தது போல வெளிறும் என்பதால் மார்கழி முழுக்க அதைத் தொடவே இல்லை.

கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டி உண்டு. 1945 ஏப்ரலில் பேர்லினுக்குள் போன சோவியத் டாங்கிகளில், நேசநாட்டு விமானங்கள் தவறுதலாகக் குண்டு போடாமல் இருக்க, இப்படி அடையாளம் போட்டார்கள். அவசரத்தில் கையால் பூசியது. டேப் ஒட்டி நேராக அடித்தால் பொய்யாகத் தெரியும் என்று நானும் பிரஷ்ஷால் கோணல்மாணலாகப் பூசி, பிறகு ஸ்பொஞ்ச் துண்டால் அங்கங்கே ஒற்றி ஒற்றிப் பச்சையை எட்டிப் பார்க்கவிட்டேன். இதுவரை நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அந்தப் பட்டிதான்.

27.01.2025 அன்று எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்து மூடினேன். ஆறு நாள் காயவிட்டேன். பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, வாஷ் போட உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை வாசிப்பவருக்கு மொடல் வேலை தெரியாமல் இருக்கலாம் என்பதால் ஒரு விளக்கம். வாஷ் என்பது நன்றாகத் தண்ணியாக்கிய கடும் மண்ணிற எனாமல். மெல்லிய பிரஷ்ஷால் பொருத்துகளிலும் போல்ட் தலைகளைச் சுற்றியும் தொட்டால் தானாக ஓடிப்போய் இடுக்குகளில் தங்கும். அரைமணி நேரம் கழித்து, எனாமல் தின்னரில் நனைத்து ஒற்றியெடுத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்து, மிச்சத்தைத் துடைக்க வேண்டும். இடுக்கில் நிழல் நிற்கும், தட்டையான இடத்தில் மழை வடிந்த கோடு மாதிரி லேசாக அழுக்கு நிற்கும். நல்ல எனாமல் தின்னர் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. இந்த வேலை முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் நடக்கிறது.

என்னிடம் அன்று உங்களுடைய போத்தல் இரண்டு இருந்தன. ஒன்று போன வருடம் வாங்கியது, அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. மற்றது புதியது, உடைக்காதது. இடது பக்கத்தைப் பழைய போத்தலால் துடைத்தேன். நினைத்ததை விட அழகாக வந்தது. சில்லுகளுக்கு மேலே தூசி படிந்து, எண்ணெய் வடிந்து, பேர்லின் வரை ஓடிக் களைத்த வண்டியாகவே மாறிவிட்டது. அதோடு பழைய போத்தல் தீர்ந்தது. புதியதைத் திறந்து வலது பக்கம் தொடங்கினேன்.

கராஜில் போடும் கரி வடிகட்டி முகமூடியைப் போட்டிருந்தேன். உங்கள் லேபிளிலும் அப்படித்தான் போடச் சொல்லியிருக்கிறது. அதனால் எனக்கு மணம் ஏறவில்லை. முதல் இழுப்பில் அழுக்கு வந்தது. இரண்டாவது இழுப்பில் பிரஷ்ஷில் பச்சை வந்தது. என்னடா இது என்று லாம்பைக் கிட்ட இழுத்துப் பார்க்கிறேன், கோபுரத்து வெள்ளைப் பட்டி அவித்த பனங்கிழங்கின் தோல் மாதிரிச் சுருண்டு கிளம்புகிறது. அதைப் பார்த்த பதற்றத்தில் கை நின்றுவிட்டது. பிரஷ் பின் மட்காட்டின் மேலேயே இருந்தது. தூக்கியபோது பிரஷ்ஷின் இரண்டு மயிர் பிளாஸ்ரிக்கில் புதைந்து நின்றன. இன்னும் நிற்கின்றன, படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். படைவீரர்கள் தொற்றிக்கொண்டு போகும் கைபிடிக் கம்பி ஒன்று ஒட்டு இளகிக் கையோடு வந்தது.

அந்த நேரம் மனைவி குசினியிலிருந்து கேட்டார்: "இஞ்சாருங்கோ, ஆர் அங்கை கியூடெக்ஸ் அழிக்கிறது?"

வீட்டில் ஒருவரும் நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசுவதில்லை. முகமூடியைக் கழற்றினேன். நான் கராஜில் கிழமையில் ஆறு நாள் சுவாசிக்கிற அதே லக்கர் தின்னர் மணம்.

மணத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த நாள் கராஜில் சோதித்துப் பார்த்தேன். ஒரு கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு வைத்தேன்: பழைய போத்தலின் அடியில் ஒட்டியிருந்தது, புதிய போத்தலில் இருந்தது, எங்கள் கராஜில் பாவிக்கும் லக்கர் தின்னரான என்.சி. தின்னர். புதியதும் என்.சி.யும் இரண்டு நிமிடத்துக்குள் பறந்துவிட்டன. பழையது பத்து நிமிடம் கழித்தும் ஈரமாகவே கிடந்தது. பிறகு, மொடல் பாகங்கள் பொருந்தி வரும் பிளாஸ்ரிக் சட்டத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கடையில் வாங்கிய மினரல் டர்பன்டைனிலும் மற்றதை உங்கள் புதிய தின்னரிலும் அரைமணி நேரம் ஊறவைத்தேன். டர்பன்டைனில் கிடந்தது போட்டபடியே இருந்தது. உங்களுடையதில் கிடந்தது பிசுபிசுத்து, நகத்தால் அமத்தினால் நக அடையாளம் விழுந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பழைய போத்தலுக்கு நீல மூடி, புதியதற்குச் சிவப்பு மூடி. உங்கள் தளத்தில் உள்ள படங்களில் எனாமல் தின்னருக்கு நீலம், லக்கர் தின்னருக்குச் சிவப்பு. பெரிய கலனிலிருந்து சின்னப் போத்தலில் நிரப்பி விற்பது நீங்கள்தான். ஆக, நிரப்பியவர் சரியாக நிரப்பி, மூடியும் சரியாகப் போட்டிருக்கிறார். லேபிள் ஒட்டும் இடத்தில்தான் மாறியிருக்கிறது என்பது என் ஊகம். அப்படியானால் அது என் ஒரு போத்தலோடு நின்றிருக்காது.

உங்கள் வாட்ஸ்அப் பதிலில் வார்னிஷ் காயவில்லை என்று இருந்தது. ஆறு நாள் போதாதா என்ற வாதத்துக்கே நான் வரவில்லை. வார்னிஷ் காயாமல் இருந்திருந்தால் இடது பக்கமும் அல்லவா போயிருக்க வேண்டும்? ஒரே நாளில் அடித்த வார்னிஷ், ஒரே போத்தல் வாஷ், ஒரே பிரஷ், ஒரே கை. மாறியது தின்னர் மட்டும். தின்னரை அதிகம் விட்டால் எனாமல் தின்னரும் பிளாஸ்ரிக்கை வெடிக்கவைக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், இறுகப் பூட்டிய பொருத்துகளுக்குள் தேங்கி நின்றால் அப்படி வெடிக்கும், எனக்கும் ஒரு தடவை நடந்திருக்கிறது. ஆனால் அது வெடிக்கும், உருகாது. என் டாங்கியில் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. "திறந்த போத்தலை மாற்றித் தர முடியாது" என்பது கடைசி வரி. திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எப்படி அறிவது?

என் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. புதிய போத்தல் எதையும் முதலில் உதவாத துண்டில் தொட்டுப் பார்க்க வேண்டும். கராஜில் பெடியங்களுக்கு நான் தினமும் சொல்லிக்கொடுப்பது அதுதான். அன்று செய்யவில்லை. அதே கடை, அதே லேபிள், முன்னர் பாவித்த சாமான் என்ற எண்ணத்தில் விட்டுவிட்டேன். இதை நீங்கள் எனக்கு எதிராக எடுத்தாலும் பரவாயில்லை, மறைக்க விருப்பமில்லை.

இனி இந்தப் பக்கத்தைத் திருத்துவதென்றால் சுரண்டி, திரும்ப ஃபில்லர் பூசி, கோபுரத்துச் சொரசொரப்பை முதலிலிருந்து எடுக்க வேண்டும். பச்சையின் அந்தக் கலவையை மறுபடி பிடிக்க என்னால் முடியாது. மதில் இடித்தபோது எடுத்த சுண்ணாம்புத் தூளை வேட்டித் துணியில் அரித்து, பேர்லினில் இடிந்த கட்டடங்களின் தூசிக்கென்று ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். துரு பெரிதாகப் போட யோசிக்கவில்லை. போரில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத் துருப்பிடிக்க எங்கே நேரம்? புகைக்குழாயில் கொஞ்சம், செயினில் கொஞ்சம், அவ்வளவுதான். அந்தக் கட்டம் வரவே இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. தின்னரின் 1,650 ரூபாவும் கூரியர் 450 ரூபாவும் திரும்ப வேண்டும். மொடல் பெட்டிக்கு 16,500 ரூபா கொடுத்தேன், அதே பெட்டியை மாற்றித் தாருங்கள். அது கையிருப்பில் இல்லையென்றால் காசு. ஐந்து மாத வேலைக்கு நான் கணக்குப் போடவில்லை.

இவை பிந்தினாலும் பிந்தட்டும், ஒரு வேலையை மட்டும் இந்தக் கிழமையே செய்யுங்கள். ஜனவரியில் எனாமல் தின்னர் வாங்கிய எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, மூடி சிவப்பாக இருந்தால் பாவிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என் மகனுக்கு 13 வயது. அவன் பிரஷ் கழுவுவது என் எனாமல் தின்னரில்தான், முகமூடி இல்லாமல், மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு. அவனைப் போல எத்தனை பிள்ளைகள் உங்களிடம் வாங்குகிறார்களோ தெரியாது. லக்கர் தின்னர் அறைக்குள் திறந்து வைத்துப் பாவிக்கிற சாமான் இல்லை. நெருப்பும் சட்டென்று பிடிக்கும்.

மார்ச் 4ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும், எனக்கு ஏப்ரல் 8 வரை நேரம் இருக்கிறது. அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இன்னும் அழைக்கவில்லை.

பற்றுச்சீட்டு, இரண்டு போத்தல்களும் மூடியுடன், டாங்கியின் இரண்டு பக்கம், கண்ணாடித் துண்டுச் சோதனை ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். புதிய போத்தலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. சோதிக்க வேண்டுமென்றால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கூரியரில் அனுப்பி வழியில் இன்னொருவர் சாமானைக் கெடுக்க நான் தயாரில்லை. யாராவது வருவதென்றால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். அதுவரை கராஜில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொக்குவில்.